கால் தரையில் பட்டாலே ஜீப்பு சாய்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 38 வயது. ஊர் கம்பம் பக்கம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவேன். பதினாறு வருஷமாகப் போன வழிதான். பனிமூட்டத்தில் ஒரு வளைவில் ஜீப்பு கவிழ்ந்துவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வார்டுக்கு வந்து இன்றோடு 24 நாள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நல்லா இருக்கு என்கிறார். எனக்கு எதுவும் நல்லா இல்லை. ராத்திரி ஸ்ட்ரெச்சர் சக்கரம் கடகடவென்று போனால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, நைட்டி நனைய வேர்க்கிறது. வாக்கரைப் பிடித்து நின்றால், கால் தரையில் பட்டதும் ஜீப்பு சாய்கிற மாதிரியே இருக்கிறது. மூன்று நாளாக எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் தைரியமாக இரு என்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். மறு வாரமே வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கஞ்சி கொண்டுவரும் அவரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அப்புறம் அதை நினைத்து அழுகிறேன். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. குத்தவைக்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? மகள் பத்தாம் வகுப்பு. அன்றைக்கே போயிருந்தால் யாருக்கும் பாரமில்லையே என்று தோன்றுகிறது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியில் எழுதியதற்கு முதலில் வருகிறேன். ‘அன்றைக்கே போயிருந்தால்’ என்ற நினைப்பை இன்றைக்கே நர்ஸிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். நா எழவில்லையென்றால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். உயிரை விட்டுவிடலாமா என்று அந்த நினைப்பு திரும்பினால் ஒரு நிமிஷமும் தனியாக இருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அடுத்தது மூச்சு முட்டல். பயத்தால் வரலாம். ஆனால் கால் முறிந்து படுத்திருப்பவர்களுக்கு, காலில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்தாலும் இப்படித்தான் படபடக்கும். மனசுப் பயம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. டாக்டர் ஒருமுறை பார்த்து, அது இல்லை என்று சொல்லட்டும். நெஞ்சுவலியோ கெண்டைக்கால் வீக்கமோ வந்தால் உடனே கூப்பிடுங்கள்.

அது இல்லையென்றால், விபத்தின் அதிர்ச்சி இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம். ‘தைரியமாக இரு’ என்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் கோழை இல்லை. எலும்பு வார்டுகளில் நான் உட்கார்ந்து பேசிய பலர் இதையேதான் சொன்னார்கள். விபத்துப் பயம் பலருக்குச் சில வாரத்தில் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் நின்றால் அதற்கென்று சிகிச்சை உண்டு. உங்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது, அதனால் நாள் எண்ண வேண்டாம். மனநல டாக்டரை வரச்சொல்லி எலும்பு டாக்டரிடமே கேளுங்கள். மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே 1983-இல் வந்த 14 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. முறிவாலும் வரக்கூடிய உடம்புச் சோர்வையெல்லாம் அதில் கேட்பதில்லை. பதற்றத்தையும் மனச்சோர்வையும் மட்டும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மாத்திரை எழுதினால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். வலிக்கு டிரமடால் போடுகிறீர்களென்றால் மறக்காமல் சொல்லுங்கள். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது.

நாளைக்கு நடக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடது பாதத்தை மட்டும் தரையில் வையுங்கள். தரை சில்லென்று இருக்கும். ‘இது வார்டு, கட்டில் ஆடவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். அது பழகியபின் வலது கால். நடக்கும் நேரத்துக்கு வலி அடங்கியிருக்கிற மாதிரி மாத்திரை நேரத்தை மாற்றித் தரவும் கேட்கலாம்.

குத்தவைக்க முடியுமா என்று 24-ஆம் நாளில் யாராலும் சொல்ல முடியாது. தொடை எலும்பு கூடவே மாதக்கணக்கு ஆகும். போடியில் உட்கார்ந்தே காய் தரம் பிரிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

மதினி மேல் வரும் எரிச்சல் பாவமில்லை. ஆனால் ஒன்று, அவரும் அதே ஜீப்பில் இருந்தவர். தினமும் அதே வளைவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். நாளைக்குக் கஞ்சி கொண்டுவரும்போது கேட்டுப் பாருங்கள்: ‘அந்த வளைவு வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கு மதினி?’