கேள்வி பதில்: ஆளுங்கள வச்சு வேலை வாங்குறது பத்தி கேளுங்க

வணக்கம். அம்பத்தூர்ல அப்ரண்டிஸா சேர்ந்து, ஓசூர்ல பிளான்ட் ஹெட்டா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மொத்தம் 31 வருஷம், எல்லாமே வண்டி பார்ட்ஸ் பண்ற கம்பெனிங்க. டீமை நடத்துறது, மேலதிகாரிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறது, கோபம், பயம் இதெல்லாம் கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், வாட்ஸ்அப் குரூப்ல யாரையும் திட்டாதீங்க.

கோவை தம்பி: அண்ணே, போன மாசம் சூப்பர்வைசர் ஆக்குனாங்க. நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்ச பசங்க இப்ப நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. ஸ்ட்ரிக்டா இருந்தாதான் மதிப்பாங்களா?

தம்பி, நானும் அப்படி நினைச்சவன்தான். சூப்பர்வைசர் ஆன புதுசுல ஒரு ஆபரேட்டர், என்னைவிட 6 வயசு பெரியவரு, டூல் தேஞ்சத கவனிக்காம ஓட்டிட்டாரு, பார்ட்ல போடுற ஓட்டையோட அளவு கூடிப்போச்சு, 40 பீஸ் ஸ்கிராப். நான் மெஷின நிறுத்தி, லைன்ல இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, அவரை நடுவுல நிக்க வச்சு கத்தினேன். அன்னைக்கு எல்லாரும் கப்சிப். நமக்கு மரியாதை வந்துடுச்சுன்னு நினைச்சேன். மூணு மாசம் கழிச்சு நைட் ஷிப்ட்ல அதே மெஷின்ல இன்செர்ட், அதான் டூலோட வெட்டுற முனை, உடைஞ்சிருக்கு, அவரு சத்தமே போடாம மாத்திட்டு, நடுவுல ஓடின பீஸையெல்லாம் நல்ல பீஸ் கூடவே தள்ளிட்டாரு. கஸ்டமர்கிட்டேருந்து மொத்த லாட்டும் திரும்பி வந்துச்சு. நாலு நாள் ராப்பகலா உக்காந்து ஒவ்வொரு பீஸா கேஜ் போட்டு அளந்து பிரிச்சோம். ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா அன்னைக்கு மாதிரி நிக்க வைப்பீங்க சார்"னாரு. அவருமேல எனக்கு கோபமே வரல. அந்த லாட்ட திருப்பி அனுப்ப வச்சது நான்தான்.

அதுலேருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். கெட்ட சேதி நம்ம காதுக்கு எத்தனை நிமிஷத்துல வருது? பத்து நிமிஷத்துல வந்தா நீங்க நல்லா நடத்துறீங்க. கஸ்டமர் சொல்லித்தான் தெரியுதுன்னா உங்ககிட்ட பேச ஆளுங்க பயப்படுறாங்க. நீங்க இந்த வாரம் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா 10 நிமிஷம் பேசுங்க, "வேலைல உனக்கு எது இடைஞ்சலா இருக்கு"ன்னு மட்டும் கேளுங்க. ஃபேன் ஓடல, டிராலி சக்கரம் சிக்குதுன்னு சின்னச் சின்னதாத்தான் சொல்வாங்க. அதுல ஒண்ணையாவது பத்து நாளுக்குள்ள சரி பண்ணி குடுங்க. பழைய டீ சகவாசத்த விட வேண்டாம், ஆனா ஓவர்டைம் போடும்போது சிநேகிதனுக்கு ஒரு மாதிரி மத்தவனுக்கு ஒரு மாதிரின்னு பண்ணிடாதீங்க, அங்கதான் பேரு கெடும்.

பெங்களூர்வாசி: சார், ரெஸ்யூம் அனுப்புறேன், பாத்து சொல்றீங்களா?

அது நமக்கு தெரியாது. வேலைக்கு ஆள் எடுக்குறவங்ககிட்ட காட்டுங்க.

திருச்சி இன்ஜினியர்: எங்க மேனேஜர் ஒவ்வொரு மீட்டிங்லயும் கலாம், சதீஷ் தவான் கதைய ஸ்லைடுல போடுறாரு. தப்பு நடந்தா மட்டும் எங்க பேரத்தான் மேல சொல்றாரு. அந்த கதை நிஜமா நடந்ததா?

நடந்ததுதான், கலாமே பல மேடைல சொல்லியிருக்காரு. 1979 ஆகஸ்ட் 10ல எஸ்எல்வி-3 முதல் ராக்கெட் கடல்ல விழுந்துச்சு. கலாம் அதுக்கு புராஜெக்ட் டைரக்டர். இஸ்ரோ தலைவர் தவான் தானே பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் நின்னு பொறுப்ப ஏத்துக்கிட்டாரு. 1980 ஜூலை 18ல அடுத்த எஸ்எல்வி-3ல போன ரோகிணி செயற்கைக்கோள் சுத்துப்பாதைல போய் உக்காந்ததும், நீ போய் பேசுன்னு கலாமை அனுப்பினாரு. ஸ்லைடுல பாதிய விட்டுடுறாங்க தம்பி. கவுன்ட்டவுன்ல கம்ப்யூட்டர் வேண்டாம்னு நிறுத்தினத மீறி ஏவச் சொன்னது கலாம்தான், அதையும் அவரே சொல்லியிருக்காரு. அப்ப முடிவு எடுத்தவரு யாருன்னு தவானுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் அவரையே பொறுப்புல வச்சிருந்தாரு. ரெண்டாவது ஸ்டேஜ் கன்ட்ரோல்ல ஒரு வால்வு சிக்கி லீக் ஆனதுதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சாங்க. யாரு தலை உருளும்னு பயந்துக்கிட்டு இருந்திருந்தா அந்த வால்வு பத்தி எவன் வாயத் திறப்பான்? பத்திரிகைக்காரங்க முன்னாடி நின்ன அந்த நேரத்தவிட, நடுவுல போன 11 மாசம்தான் எனக்கு பெருசா தெரியுது. உங்க மேனேஜர்கிட்ட அந்த 11 மாசத்தப் பத்தி கேளுங்க, மரியாதையா, தனியா கேளுங்க.

நைட் ஷிப்ட்: அண்ணா, ராத்திரி 11 மணிக்கு ஒருத்தன் குரூப்ல ரிப்போர்ட் தப்பா போட்டான், நான் அங்கயே கேட்டேன், இப்ப ரெண்டு நாளா லீவுல இருக்கான். என் தப்பா?

ஆமா. மேல என்ன சொன்னேன்? வாயால திட்டினா காத்துல போயிடும், குரூப்ல திட்டினத அவன் வீட்டுல உக்காந்து பத்து தடவை படிப்பான், பொண்டாட்டியும் படிப்பா. ஃபோன் போட்டு மன்னிப்பு கேளுங்க. அப்புறம் அதே குரூப்லயும் கேளுங்க, திட்டினது அங்கதானே.

தி.நகர் ஃப்ளோர்: ஐயா, துணிக்கடைல சேலை செக்‌ஷன் ஃப்ளோர் சூப்பர்வைசர் நான். பொண்ணுங்க கஸ்டமர் இல்லேன்னா உடனே கீழ உக்காந்துடுறாங்க, அடிக்கடி பாத்ரூம் வேற. முதலாளி கேமரால பாத்துட்டு என்னைத் திட்டுறாரு. எப்படி கட்டுப்படுத்துறது?

கட்டுப்படுத்தாதீங்க. 2021ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. எல்லா ஊழியருக்கும் உக்கார இடம் தரணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைச்சா உக்காரலாம், நாள் பூரா நிக்க வைக்கக்கூடாது. கேரளாவுல 2018லயே வந்துடுச்சு, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடைப் பொண்ணுங்க உக்கார உரிமை கேட்டு வருஷக்கணக்கா போராடினதுக்கு அப்புறம்தான். முதலாளிகிட்ட இத சட்டமாவே சொல்லுங்க, உங்க இரக்கமா சொன்னா எடுபடாது.

ஜவுளி வியாபாரி: நீங்க ஃபேக்டரி ஆளு, உங்களுக்கு கடை தெரியாது. கஸ்டமர் உள்ள வரும்போது ஸ்டாஃப் உக்காந்திருந்தா மரியாதை இல்லன்னு அடுத்த கடைக்கு போயிடுறாங்க. தீபாவளி சீசன்ல எவன் உக்கார முடியும்? சட்டம் போடுறது ஈஸி.

கடை தெரியாதுதான், ஒத்துக்கிறேன். ஆனா நீங்க சொல்றது கஸ்டமர் வரும்போது எழுந்திரிக்கிறது பத்தி. அதுக்கு யாரும் மாட்டேன்னு சொல்லலயே. செவ்வாக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு கடை காலியா இருக்கும்போது ஏன் நிக்கணும்? அதுல உங்களுக்கு என்ன லாபம்னு சொல்லுங்க.

ஜவுளி வியாபாரி: ஒருத்திய உக்கார விட்டா எல்லாரும் உக்காந்து ஃபோன் நோண்டுவாங்க. டிசிப்ளின் போயிடும்.

முன்னாள் சேல்ஸ் கேர்ள்: நான் 7 வருஷம் நின்னவ, நான் சொல்றேன். காலைல ஒன்பதரைக்கு நின்னா நைட் பத்து மணி வரைக்கும், சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி நேரம். பாத்ரூம் போனா எழுதி வைப்பாங்கன்னு தண்ணியே குடிக்க மாட்டோம். எனக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வந்துச்சு, 26 வயசுல கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. ஹாஸ்டல்ல நைட்டு காலை சுவத்துல தூக்கி வச்சுட்டுதான் எல்லாரும் தூங்குவோம். டிசிப்ளின்லாம் எங்ககிட்ட நிறையவே இருந்துச்சுண்ணா.

நன்றிமா. வியாபாரி சார், இந்த பொண்ணு சொன்னத ரெண்டு தடவை படிங்க. உங்க கடைல யாராவது இத உங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்காங்களா? சொல்லலன்னா, கஷ்டம் இல்லாததால இல்ல, உங்ககிட்ட சொல்ல முடியாததால. நான் அந்த ஆபரேட்டர்கிட்ட கத்துக்கிட்டது இதுதான். எங்க அசெம்பிளி லைன்லயும் ஸ்டூல் போட்டா சோம்பேறி ஆயிடுவாங்கன்னு சொன்னாங்க, நானும் தலையாட்டினேன், அப்புறம் போட்டோம். சாயங்காலம் ஆக ஆக ஏறிக்கிட்டே போகும் பாருங்க ரிஜெக்‌ஷன், அது குறைஞ்சது. கால் வலிக்கிறவ கண்ணு சேலை மேல இருக்காது சார், கடிகாரத்து மேலதான் இருக்கும்.

புது டீம் லீட்: சார், என் டீம் நான் சொன்னா கேக்கல...

கோவை தம்பிக்கு எழுதினத படிங்க.

ஐடி பையன்: வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம்னு பெரிய ஆளுங்க சொல்றாங்களே?

2023ல நாராயண மூர்த்தி 70ன்னாரு, 2025 தொடக்கத்துல எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90ன்னாரு. ஃபேக்டரிக்கு சட்டம் வாரம் 48 மணி நேரம், அதுக்கு மேல போனா ரெட்டை சம்பளம். மெஷின் பக்கத்துல 14 மணி நேரம் நின்னவன் விரல நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு ஓடியிருக்கேன், அதனால இதுல எனக்கு ரெண்டாவது அபிப்ராயம் கிடையாது.

மதுரை பொண்ணு: ஐயா, ரிவ்யூல மேனேஜர் கத்தினதுல எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன். இனிமே என்னை யாரு மதிப்பா? ரிசைன் பண்ணிடலாமான்னு இருக்கு.

அழுதது குத்தமில்லமா. எங்க ஷாப்ல மீசை வச்ச ஆளுங்க கேன்டீன் பின்னாடி போய் அழுவாங்க, நான் பாத்திருக்கேன், நானும் அழுதிருக்கேன். இன்னைக்கு ராஜினாமா எழுதாதீங்க. நல்லா தூங்கி, நாலு நாள் போகட்டும். அப்புறம் மேனேஜர்கிட்ட தனியா நேரம் கேட்டு, "வேலைல தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன், ஆனா எல்லார் முன்னாடியும் கத்தினா எனக்கு எதுவும் காதுல ஏற மாட்டேங்குது"ன்னு இவ்வளவு மட்டும் சொல்லுங்க. பாதி பேரு கூனிக்குறுகிப் போவாங்க, அவங்களுக்கே தெரியாம கத்துறவங்க நிறைய. கேக்காத ஆளா இருந்தா வேற வேலை தேடுங்க, கைல ஆர்டர் வந்ததுக்கு அப்புறம் பேப்பர் போடுங்க. வீட்டுல யார்கிட்டயாவது இன்னைக்கே சொல்லிடுங்கமா, தனியா சுமக்காதீங்க.

டிப்ளமோ: படிச்சவன் ஆபரேட்டர்கிட்ட போய் சந்தேகம் கேட்டா கெத்து போயிடாதா?

1964 டிசம்பர் புயல்ல பாம்பன் பாலம் போச்சு. ஆறு மாசத்துல சரி பண்ணணும்னு ரயில்வே சொன்னத, 32 வயசு இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல முடிச்சாரு. கடலுக்கடில கெடந்த பாலத்தோட இரும்பு உத்தரங்கள் எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தது மீனவங்க. போய் கேளுங்க.

குமார்: குரூப்ல ஒருத்தன திட்டலாமா, ஜாலியாத்தான்...

கூடாது.

ஜவுளி வியாபாரி: அந்த அம்மா எழுதினத வீட்டுல படிச்சுக் காட்டினேன். ஸ்டூல் போட்டா நடக்குற இடம் அடைக்குமே, எங்க போடுறது?

கவுன்ட்டருக்குப் பின்னாடி, ரேக் ஓரமா, மடக்குற மாதிரி ஸ்டூல். ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னாவது முதல்ல போடுங்க, எல்லாருக்கும் இடம் தரணுங்கறதுதான் சட்டம். உயரம் எவ்வளவு வேணும்னு என்னைக் கேக்காதீங்க சார், நாளைக்கு காலைல உங்க பொண்ணுங்ககிட்ட கேளுங்க. பாத்ரூம் நோட்டு இருந்தா அதையும் எடுத்துடுங்க.