ஒரு வினையெச்சமும் ஒரு பஸ்ஸும்

கேள்வி: கனடாவில் பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போயிருக்கிறார்களாமே? முன்னேறிய நாட்டில் இதைத் தடுக்க வழியே இல்லையா? (இரா. செல்வி, தென்காசி)

பதில்: 'காணாமல்' என்பது எதிர்மறை வினையெச்சம். சாப்பிடாமல் போனான் என்றால் சாப்பிடாதவன் அவன். சொல்லாமல் போனான் என்றால் சொல்லாதவன் அவன். அப்படியானால் காணாமல் போனாள் என்றால் காணாதவள் அவளா? மாதந்தோறும் என் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பும் தமிழாசிரியர் இந்நேரம் பேனா மூடியைக் கழற்றியிருப்பார். 'அது மரபு வழக்கு ஐயா' என்பார். எனக்கு வேண்டியது போலீஸ் பதிவு செய்கிற வழக்கு. இலங்கைத் தமிழ்த் தாய்மார் இவருக்கு முன்பே இலக்கணத்தைத் திருத்திவிட்டார்கள்: காணாமல் ஆக்கப்பட்டோர்.

கனடாவின் மத்திய போலீஸ் 2014இல் கொடுத்த கணக்கில் 1,181 பழங்குடிப் பெண்கள். அதில் காணாமல் போனவர்கள் 164 பேர்தான். மீதி 1,017 பேர் 1980 முதல் 2012 வரை கொலையுண்டவர்கள். உங்கள் சொல் அவர்களை மறைக்கிறது அம்மா.

தடுக்க வழி? 2019இல் தேசிய விசாரணை ஆணையம் 231 வழிகள் சொன்னது. நான் பஸ்ஸோடு நின்றுகொள்கிறேன். எந்தக் கேள்வியையும் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று என்மேல் ஏற்கெனவே புகார் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 16ஆம் எண் நெடுஞ்சாலை, பிரின்ஸ் ரூபர்ட்டிலிருந்து பிரின்ஸ் ஜார்ஜ் வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்பார்கள். ஊருக்கு ஊர் போய்வர அப்போது உருப்படியான பஸ் கிடையாது. பெண்கள் போகிற வண்டிக்குக் கை காட்டி ஏறினார்கள், பலர் திரும்பவில்லை. அரசாங்கம் பஸ் விடும் முன்பே சாலையோரத்தில் பெரிய பலகை முளைத்தது: பெண்களே, கை காட்டி வண்டி ஏறாதீர்கள். வேறு எதில் ஏறுவது என்று பலகையில் இல்லை. 2006இல் கூடிப் பேசி 33 பரிந்துரைகள் எழுதினார்கள், பஸ் அதில் ஒன்று. அதன்படி முதல் பஸ் வந்தது 2017இல்.

நடுவே, அந்தச் சாலை குறித்த அரசுக் கோப்புகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார்கள். போக்குவரத்து அமைச்சரின் உதவியாளர் ஒருவர் சக ஊழியரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து மின்னஞ்சல்களை அழித்தார் என்று 2015இல் தகவல் ஆணையர் அறிக்கை கொடுத்தார். எங்கும் மீட்க முடியாதபடி மூன்று இடத்தில் அழிப்பது. அந்த அலுவலகங்களில் அதற்கு 'மும்முறை அழிப்பு' என்று பெயரே இருந்தது. மறு ஆண்டு அந்த உதவியாளருக்கு 2,500 டாலர் அபராதம். அழித்ததற்கு இல்லை, சத்தியம் செய்துவிட்டு விசாரணையில் பொய் சொன்னதற்கு.