கணினி கேள்வி – பதில்: கையொப்பம் ஏற்காத உலாவியும் காணாமற்போகும் ஆட்-இன்னும்

கேள்வி: தம்பு செட்டி தெருவில் உள்ள சுங்கத் தரகர் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுடையது பிரைவேட் லிமிடெட் நிறுவனம். ஜிஎஸ்டி ரிட்டர்னில் டிஜிட்டல் கையொப்பம் இடும்போது, சர்வருடன் தொடர்பு கிடைக்கவில்லை, எம்சைனரை மீண்டும் தொடங்கவும் என்ற செய்தி வந்து நின்றுவிடுகிறது. கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி டோக்கன் செருகியே இருக்கிறது. கையொப்ப மென்பொருளான எம்சைனரைப் பலமுறை நீக்கிவிட்டு நிறுவியும் பயன் இல்லை. 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்னைத் தாக்கல் செய்தாக வேண்டும். – வாசகி, மண்ணடி

பதில்: நீக்கி நிறுவுவதை முதலில் நிறுத்துங்கள். அந்தச் செய்தியில் வரும் சர்வர் ஜிஎஸ்டி தளத்தின் சர்வர் அன்று. உங்கள் மேசையில் இருக்கும் கணினியே அது. முன்பெல்லாம் டோக்கனில் உள்ள சான்றிதழை உலாவிக்குள்ளேயே இயங்கிய ஜாவா செருகுநிரல் படித்தது. குரோம் 2015 செப்டம்பரில் தன் 45ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்பிலும் அவ்வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டன. அதனால் கையொப்ப வேலை, கணினியில் தனியாக இயங்கும் எம்சைனர் போன்ற மென்பொருளுக்கு மாறியது. ஜிஎஸ்டி தளம் திறந்திருக்கும் உலாவி, 127.0.0.1 என்ற முகவரியில் 1585 என்ற போர்ட் (மென்பொருள்கள் தொடர்புகொள்ளும் வாயில் எண்) வழியாக அதே கணினியில் உள்ள எம்சைனரை அழைக்கிறது. அந்த அழைப்புக்குப் பதில் வராதபோதுதான் நீங்கள் கூறும் செய்தி தோன்றுகிறது.

ஆகவே எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதை டோக்கன் பக்கத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். டோக்கனுடன் வந்த மேலாண்மை மென்பொருளைத் திறந்தால் அதில் உங்கள் இயக்குநரின் பெயரும் சான்றிதழ் முடியும் நாளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோளாறு டிரைவரிலோ யுஎஸ்பி முனையிலோ இருக்கிறது. உலாவியைத் தொட வேண்டியதில்லை. (துறைமுகத்தை ஒட்டிய அலுவலகங்களில் உப்புக்காற்றுக்கு யுஎஸ்பி முனைகள் பச்சை பிடிப்பதும் உண்டு, வேறொரு முனையில் செருகிப் பார்ப்பதில் நட்டம் இல்லை.) சான்றிதழ் தெரிகிறது, ஆனால் அண்மையில்தான் புதுப்பித்தீர்கள் என்றால், புதிய சான்றிதழை ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் சுயவிவரப் பகுதியில் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, திரையின் வலது கீழ்மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள சிறிய அம்புக்குறியைச் சொடுக்கினால் மறைந்திருக்கும் சின்னங்கள் விரியும். அங்கே எம்சைனர் இல்லையென்றால் அது ஓடவில்லை என்று பொருள். டெஸ்க்டாப்பில் உள்ள அதன் சின்னத்தை வலது சொடுக்கி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் தொடங்குங்கள்.

அது ஓடியும் செய்தி மாறவில்லை என்றால், ரிட்டர்னைத் திறந்திருக்கும் அதே உலாவியில் புதிய தாவலைத் திறந்து, முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் முன்னொட்டுடன் 127.0.0.1:1585 என்று தட்டச்சு செய்யுங்கள். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கைப் பக்கம் வரும். அதில் 'அட்வான்ஸ்டு' என்பதைச் சொடுக்கி, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் தொடர்வதற்கான இணைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஜிஎஸ்டி பக்கத்தைப் புதுப்பித்துக் கையொப்பமிடுங்கள். உலாவிக்கு அறிமுகமில்லாத சான்றிதழை எம்சைனர் காட்டுவதால்தான் இந்த எச்சரிக்கை வருகிறது. அந்த முகவரி உங்கள் கணினியையே குறிப்பதால் இங்கே தாண்டிச் செல்லலாம். வங்கித் தளத்திலோ வேறு எந்தத் தளத்திலோ இதே எச்சரிக்கையை இப்படித் தாண்டாதீர்கள்.

அண்மைக் காலக் குரோம் பதிப்புகள், வெளித் தளம் ஒன்று உங்கள் கணினியையோ உள் வலையமைப்பையோ தொடர்புகொள்ள முயன்றால் அனுமதி கேட்கின்றன. அவசரத்தில் யாராவது 'பிளாக்' கொடுத்திருக்கலாம். முகவரிக்கு இடப்புறம் உள்ள சின்னத்தைச் சொடுக்கினால் அந்தத் தளத்துக்குரிய அனுமதிகள் தெரியும். பாப்-அப் அனுமதியும் அங்கேதான் இருக்கிறது. அலுவலகத்தில் புராக்ஸி (இணைய அழைப்புகளை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) வைத்திருந்தால், உள் முகவரிகளுக்குப் புராக்ஸி வேண்டாம் என்ற தேர்வை இட்டுவையுங்கள். இல்லையெனில் 127.0.0.1க்குப் போக வேண்டிய அழைப்பு வெளியே அலைந்து திரும்பும். வருமான வரித் தளத்துக்கான எம்பிரிட்ஜ் வேறு மென்பொருள்; அது நிறுவியிருப்பதால் எம்சைனர் தேவையில்லை என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: மணலியில் எங்கள் தொழிற்சாலையின் எடைமேடைக் கணினியில், உள் சர்வரில் இருக்கும் பழைய கிடங்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். உலாவிக்குள் இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை நிரல் வழியாக எடை திரையில் வர வேண்டும். பழுது பார்க்க வந்தவர் எட்ஜ் உலாவியில் ஏதோ மாற்றினார், நன்றாக ஓடியது. மாதம் ஒன்று கழிந்ததும் எடைக் கட்டம் வெறுமையாகிவிட்டது. பாதுகாப்பு அளவையும் அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார். – வாசகர், மணலி

பதில்: அவர் செய்தது பாதி சரி. ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு உரியது. அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று முடிந்தது. எட்ஜில் உள்ள 'ஐஇ மோட்' (ஐஇ என்பது இன்டர்நெட் எக்ஸ்புளோரர்) அந்தப் பழைய உலாவியின் உள் எந்திரத்தை ஒரு தாவலுக்குள் ஓட்டுகிறது. ஆனால் எட்ஜ் அமைப்புகளில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதியில் கையால் சேர்க்கும் ஒவ்வொரு முகவரியும் 30 நாளில் காலாவதியாகிவிடும். உங்கள் எடைக் கட்டம் வெறுமையானதற்கு அநேகமாக இதுவே காரணம். முகவரியை முழுமையாக மீண்டும் சேர்த்துவிட்டுப் பாருங்கள். ஐஇ மோடில் திறந்தால் முகவரிப் பட்டையின் இடப்புறம் பழைய ‘இ’ சின்னம் தெரியும். மாதந்தோறும் இதே வேலை வேண்டாமென்றால், நிறுவனத் தளப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, எட்ஜ் கொள்கை அமைப்பில் அதை இணைக்கும்படி உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் கூறுங்கள். அப்படிச் சேர்த்த முகவரிக்குக் காலாவதி கிடையாது.

பாதுகாப்பு அளவைக் குறைத்ததுதான் எனக்கு உடன்பாடில்லாத பகுதி. ஒரே ஒரு பக்கத்துக்காகக் கணினியில் திறக்கும் எல்லாத் தளங்களுக்கும் கதவைத் திறந்துவிடுவது அது. கண்ட்ரோல் பேனலில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'செக்யூரிட்டி' பகுதியில் எல்லா மண்டலங்களையும் இயல்புநிலைக்குத் திருப்புங்கள். பிறகு 'டிரஸ்டட் சைட்ஸ்' மண்டலத்தில் கிடங்கு மென்பொருளின் முகவரியை மட்டும் சேருங்கள். அது எச்டிடிபி முகவரி என்றால், எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று கேட்கும் குறியை முதலில் எடுத்துவிட வேண்டும். கையொப்பமில்லாத ஆக்டிவ்எக்ஸை இறக்கும் தேர்வையும் அந்த மண்டலத்தில் மட்டும், அதுவும் 'கேட்டுவிட்டுச் செய்' என்ற நிலையில் வையுங்கள். ஆக்டிவ்எக்ஸை நிறுவும்போது நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நுழைந்திருங்கள். சாதாரணக் கணக்கில் அது எதுவும் சொல்லாமலேயே நிறுவப்படாமல் போகலாம். ஐஇ மோடை 2029 வரையாவது தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. எடை எண்ணை நேரடியாகப் படிக்கும் புதிய மென்பொருளுக்கான பேச்சை நிர்வாகத்திடம் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: எக்ஸெல்லில் நிறுவிய ஆட்-இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்), மறுநாள் திறந்தால் மேல்பட்டையில் இருப்பதில்லை. – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மின்னஞ்சலில் வந்த கோப்பா என்று பாருங்கள். இணையத்திலிருந்து வந்த கோப்புக்கு விண்டோஸ் ஓர் அடையாளம் இடுகிறது. அத்தகைய ஆட்-இன்னை எக்ஸெல் எச்சரிக்கை ஏதும் காட்டாமல் ஒதுக்கிவிடும். எக்ஸெல்லை மூடி, அந்தக் கோப்பை வலது சொடுக்கி, 'புராப்பர்ட்டீஸ்' அடியில் 'அன்பிளாக்' குறியை இட்டுச் சேமியுங்கள். அனுப்பியவரை அறிந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அதன் பின்னும் வரவில்லை என்றால், ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று சென்று, கீழேயுள்ள பட்டியலில் 'டிஸேபிள்டு ஐட்டம்ஸ்' தேர்ந்தெடுங்கள்; ஒருமுறை எக்ஸெல் திடீரென மூடியிருந்தால் அதற்குக் காரணமென அது கருதிய ஆட்-இன் அங்கே அடைபட்டிருக்கும். செயல்நிரலாக நிறுவப்படும் வகை ஆட்-இன் என்றால், உங்கள் எக்ஸெல் 32 பிட்டா 64 பிட்டா என்பதை 'அக்கவுண்ட்' பகுதியில் 'அபௌட் எக்ஸெல்' திறந்து உறுதி செய்துகொண்டு, அதற்குரிய பதிப்பைத் தந்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.