ஆளே இல்லாத கடற்கரைக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி?

போயிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாண்ட்வுட் பே. ஆளே இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. கோடையில் வெயில் அடித்தால் சிலர் வருவார்கள், கூடாரம் போட்டுத் தங்குபவர்களும் உண்டு. ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணலில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காரணம், கடற்கரை வரை வண்டி போகாது. இன்வெர்னஸ் நகரிலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். கடைசிப் பகுதியெல்லாம் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கின்லாக்பெர்வி என்ற மீன்பிடி ஊரைத் தாண்டி பிளேர்மோரில் காரை விட்டுவிட்டு, ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். திரும்பி வரவும் அதே தூரம்.

உண்மையைச் சொன்னால், அந்த நடையின் முதல் பாதியில் பெரிதாக ஒன்றும் இல்லை. மரம் கிடையாது, நிழல் கிடையாது. புல்லும் ஹெதர் புதரும் மூடிய சதுப்பு நிலம், இடையிடையே சின்னச் சின்ன ஏரிகள். முழுதாக மக்காத செடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான 'பீட்' மண் வழியாக வடிவதால், தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருக்கும். கூட வந்த நண்பர் பாதி வழியில், "இதுக்கு ஒரு ரோடு போட்டா என்னப்பா?" என்று அலுத்துக்கொண்டார். போடக்கூடாது என்பதுதான் என் கட்சி. காரை நிறுத்தியதும் கடல் தெரிகிற கடற்கரைகள் அந்த வட்டாரத்திலேயே வேறு இருக்கின்றன, அழகிலும் குறைவில்லை. இங்கே சாலை வந்தால் அவற்றில் இதுவும் ஒன்றாகிவிடும்.

1993-இல் இந்த இடத்தை ஜான் மியூர் டிரஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை வாங்கியது. அதற்காக வேலி போட்டு யாரையும் தடுக்கவில்லை. சுற்றிலும் சிறு விவசாயிகள் வாழ்கிறார்கள், அவர்களுடைய ஆடுகள் மேய்கின்றன.

பாதை கடைசியில் இறங்கும்போதுதான் எல்லாம் ஒன்றாகத் தெரியவரும். வெளிர் இளஞ்சிவப்பு மணல். அதற்குப் பின்னால் புல் முளைத்த மணல்மேடுகள், அவற்றுக்கும் பின்னால் நன்னீர் ஏரி. தெற்கு முனையில், செங்குத்துப் பாறைக்கரையிலிருந்து பிரிந்து கடலுக்குள் ஒற்றையாக நிற்கும் ஆம் புவாக்கில் என்ற பாறைத் தூண். அறுபது மீட்டருக்கு மேல் உயரம். 1967-இல்தான் முதன்முதலாக மனிதர்கள் அதில் ஏறினார்கள். அந்தச் சிவந்த மணற்பாறைக்கு வயது சுமார் 100 கோடி ஆண்டுகள். இந்தப் பகுதிக்கு அடித்தளமாக இருக்கும் 'நைஸ்' (gneiss) என்ற சாம்பல் நிறப் பாறை அதைவிட இரண்டு, மூன்று மடங்கு பழையது.

'அமைதி' என்பதைச் சத்தமில்லாத இடம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அலையும் காற்றும் சேர்ந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மனிதன் உண்டாக்கும் சத்தம் இல்லை, அவ்வளவுதான். அதுவும் எல்லா நாளும் இல்லை: வடக்கே கேப் ராத் என்ற கடல்முனைப் பக்கம் ராணுவத்தின் குண்டுவீச்சுப் பயிற்சித் தளம் இருக்கிறது!

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதம் நல்லது. ஜூன் நடுவில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஆனால் காற்று நின்றால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிகள் மொய்த்துப் பிடுங்கிவிடும். முகத்துக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள். கோடையிலும் தண்ணீர் நடுங்க வைக்கும். நீரோட்டமும் உண்டு, காப்பாற்ற உயிர்காவலர் கிடையாது. நான் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. வழியில் கடையோ கழிப்பறையோ இல்லை, போன் சிக்னலையும் நம்ப முடியாது. மழைச்சட்டையும் சாப்பாடும் பையில் இருக்கட்டும்.

அப்புறம், கடற்கரையோடு நிறுத்தாமல் 1828-இல் கட்டிய கேப் ராத் கலங்கரை விளக்கம் வரை நடக்க ஆசைப்பட்டால், ஏரியிலிருந்து கடலுக்கு ஓடும் ஆற்றை இறங்கிக் கடக்க வேண்டும். அதற்கு மேல் பாதை என்று ஒன்று சரியாகக் கிடையாது. குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அந்தப் பகுதியை மூடும் தேதிகளை முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.