டேபிள்டாப் ஆர்பிஜியில் கள்ளச்சந்தை ஆயுத வியாபாரியை ஜிஎம் எப்படி நடத்துவது? என் பிளேயர்கள் அவரைச் சூப்பர் மார்க்கெட் மாதிரி நடத்துகிறார்கள்

புதிதாக வாசிப்பவர்களுக்கு: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடுகிற கதை விளையாட்டுதான் டேபிள்டாப் ஆர்பிஜி. கதையை நடத்தி மற்ற ஆட்களையெல்லாம் நடிப்பவர் ஜிஎம். நீங்கள் எந்த சிஸ்டம், அதாவது எந்த ரூல்புக் என்று சொல்லவில்லை. டிராகன் அடிக்கிற ஆட்டத்தில் யாரும் கள்ளத் துப்பாக்கி தேடி அலைய மாட்டார்கள் என்பதால் ஷேடோரன் (எதிர்கால நகரத்தில் கூலிக்குக் கள்ள வேலை செய்கிறவர்களின் ஆட்டம், மந்திரமும் உண்டு) என்றே வைத்துக்கொள்கிறேன். நான் நடத்துவதும் அதுதான், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு. "அதற்கப்புறம் ஆறாம் பதிப்பே வந்துவிட்டதே" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும், புத்தகமும் இருக்கிறது, பிடிக்கவில்லை.

உங்கள் மேஜையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பிளேயர் லிஸ்டைப் பார்த்து "இது ஒன்று, அது இரண்டு" என்கிறார், நீங்கள் விலையைக் கழித்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். அலுத்துப்போய் ஒரு நாள் வியாபாரியைப் போலீஸுக்குக் காட்டிக்கொடுக்க வைக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு தடவை காண்டாக்ட் (கதைக்குள் பிளேயர்களுக்குப் பழக்கமான ஆள்) துரோகம் செய்துவிட்டால் அந்தக் கேம்பெயின், அதாவது அந்தத் தொடர்கதை, முடிகிறவரை பிளேயர்கள் யாரையும் நம்ப மாட்டார்கள். டீக்கடைக்காரனைக்கூட விசாரிப்பார்கள். ஒரு செஷனில் பாதி நேரம் வாசலில் நின்று திட்டம் போடுவதிலேயே போய்விடும். என் வழி இதற்கு நேர் எதிர். வியாபாரி நாணயமானவராக இருக்கட்டும், ஆனால் பயந்தவராக இருக்கட்டும்.

பயப்படக் காரணமும் ரூல்புக்கிலேயே இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் அவைலபிலிட்டி எண்ணும் (கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது) ஒரு எழுத்தும் போட்டிருக்கும், பல பேர் அதைக் கேரக்டர் உருவாக்கும்போது பார்ப்பதோடு சரி. ஆர் என்றால் உரிமம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், போலி உரிமமாவது வேண்டும். எஃப் என்றால் எந்த உரிமமும் செல்லாது. ஏரஸ் பிரிடேட்டர் பிஸ்டல் 725 நுயென் (ஆட்டத்தின் பணம்), 5ஆர். பேந்தர் எக்ஸ்எக்ஸ்எல் என்கிற பீரங்கி சைஸ் துப்பாக்கி 43,000 நுயென், 20எஃப். வாங்கப் போகிறவர் தன் பேரம் பேசும் திறமைக்கும் கவர்ச்சிக்கும் சேர்த்து டைஸ் உருட்ட, எதிரே ஜிஎம் அந்த 20 டைஸையும் உருட்ட வேண்டும். 5, 6 விழுந்தால்தான் கணக்கு, அதற்குப் பேர் ஹிட், ஆக ஜிஎம் பக்கம் சராசரியாக ஆறு ஏழு ஹிட். பத்து டைஸ் வைத்திருக்கிற பிளேயருக்கு மூன்று. கூடுதல் டைஸ் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் விலையில் 25 சதவீதம் அதிகம், அதாவது பேந்தருக்கு ஒரு டைஸுக்கு 10,750. ஜெயித்தாலும் உடனே கைக்கு வராது. 10,000 முதல் ஒரு லட்சம் வரை விலையுள்ள சாமானுக்கு அடிப்படைக் காலம் ஒரு வாரம், நல்ல ஹிட் விழுந்தால் குறையும். அந்த ஒரு வாரத்தில்தான் கதையே நடக்க வேண்டும்.

எங்கள் கேம்பெயினில் வியாபாரி, சியாட்டிலில் பியூயலப் பக்கம் லாண்டரி நடத்துகிற ஒரு ஓர்க் (கோரைப்பல் உள்ள மனித வகை) பெண்மணி. கனெக்ஷன் (செல்வாக்கு) 3, லாயல்டி (நம்மேல் உள்ள விசுவாசம்) 2. அவரை நான் தமிழில்தான் பேச வைத்தேன், சியாட்டில்காரி என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை மாலை என் வாயில் அமெரிக்க ஆங்கிலம் வராது. பிளேயர்கள் லாண்டரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் ஸ்ட்ரீட் சாமுராய் (குழுவின் சண்டைக்காரப் பாத்திரம்) ஒரு நாள் உள்ளே போய் "அக்கா, பேந்தர் ஒண்ணு வேணும்" என்றான், கால் கிலோ மிளகாய் கேட்கிற மாதிரி.

அக்கா பதில் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த டிரையரை நிறுத்தினார், ஷட்டரைப் பாதி இறக்கினார், "தம்பி, இதை வெச்சு யாரைச் சுடப் போறே?" என்றார். "அது எதுக்குக்கா?" "இந்த ஏரியாவுல அந்தச் சாமானை வரவழைக்க ஆளுங்க ரொம்பக் கம்மி. நீ சுட்ட மறுநாள் நைட் எர்ரன்ட் வந்து நிக்கிற வாசல்ல என்னோடதும் ஒண்ணு."

அதோடு மேஜையில் சத்தமே இல்லை. நைட் எர்ரன்ட்தான் சியாட்டிலில் போலீஸ் ஒப்பந்தம் எடுத்திருக்கிற கம்பெனி. அதன் முதலாளி ஏரஸ், அந்தப் பிரிடேட்டர் பிஸ்டல் செய்கிற அதே ஏரஸ். துப்பாக்கி விற்பதும் அவர்கள்தான், பிடிக்க வருவதும் அவர்கள்தான். இதை ஒரு பிளேயர் அன்றைக்குத்தான் கவனித்து வாய்விட்டுச் சிரித்தார்.

அக்கா மறுக்கவில்லை. பணத்தோடு ஒரு உதவியும் கேட்டார்: டகோமாவிலிருந்து ரெட்மண்ட் பேரன்ஸுக்கு இரண்டு டிரம், திறக்காமல் கொண்டுபோக வேண்டும். திறப்பதா வேண்டாமா என்று வேனுக்குள் பெரிய சண்டை, கடைசியில் திறந்தார்கள். திறக்காமல் இருப்பார்களா? உள்ளே மாட்டு ஆஸ்பத்திரி ஆன்டிபயாடிக். போய்ச் சேர வேண்டிய இடம் எங்கள் குழுவின் மாந்திரீகக்காரனுக்குத் தெரிந்த ஸ்ட்ரீட் டாக்டர் (கள்ளத்தனமாக வைத்தியம் பார்க்கிறவர்), கேரக்டர் ஷீட்டில் பேரோடு சரி, யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட காண்டாக்ட். சீல் உடைந்ததை அந்த டாக்டரே அக்காவிடம் சொல்லிவிட்டார். லாயல்டி 2 என்பது 1 ஆனது. வாக்குக் கொடுத்தபடி பேந்தர் வந்தது. குண்டு வரவில்லை. "குண்டு நான் பேசலையே தம்பி." குண்டுக்குத் தனியாக டைஸ் உருட்ட வேண்டும் என்பதும் ரூல்தான், நான் கண்டுபிடித்ததில்லை. காலி பேந்தரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ரன் (ஒரு கள்ள வேலை) முழுக்க மிரட்டியே ஒப்பேற்றினார்கள், அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்கு நடுவே ஒன்று. இந்தச் செஷனை ஒரு போர்டு கேம் கஃபேயில் ஆடினோம், தலைக்கு மணிக் கணக்கில் காசு. அக்கா ஷட்டரை இறக்குகிற நேரத்தில் ஊழியர் வந்து, "நீங்க போர்டு எதுவும் எடுக்கலையே, சும்மா பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க, கொஞ்சம் வெளி டேபிளுக்கு மாறிக்கிறீங்களா" என்றார். பக்கத்து மேஜையில் கேரம் ஆடியவர்கள் போட்ட கூச்சலில் பாதிகூட நாங்கள் போடவில்லை. அவர்களும் தலைக்கு அதே காசுதான். இப்போது நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஆடுகிறோம், கொசுதான் பிரச்சினை.

"துப்பாக்கி வாங்கச் சொல்லித் தருகிறாயா" என்று ஒருத்தர் கட்டாயம் வருவார். ஐயா, இது பென்சிலால் எழுதி ரப்பரால் அழிக்கிற துப்பாக்கி. "ரோல்பிளே வேண்டாம், எங்களுக்குச் சண்டைதான் பிடிக்கும்" என்கிற குழுவும் உண்டு, அதுவும் நியாயம்தான். அங்கே அக்கா மாதிரி ஆளைக் கொண்டுவந்தால் மொபைலை எடுத்துவிடுவார்கள். லிஸ்டைக் கொடுத்து விலையைக் கழித்துக்கொண்டு போய்விடுங்கள்.

ஒருவேளை நீங்கள் ஆடுவது சைபர்பங்க் ரெட் என்கிற இன்னொரு ஆர்பிஜி என்றால் கணக்கு வேறு. அங்கே 100 யூரோபக் (அந்த ஆட்டத்தின் பணம்) வரை சாதாரணமாகக் கிடைக்கும், அதற்கு மேல் போனால் ஃபிக்ஸர் (சரக்கு ஏற்பாடு செய்கிற தரகர்) அல்லது நைட் மார்க்கெட் (அவர்கள் நடத்துகிற இரவுச் சந்தை). அசால்ட் ரைஃபிளே 500. அதில் ஃபிக்ஸர் ரோலைப் பிளேயரே எடுக்கலாம் என்பதால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது. ஃபிக்ஸர் பிளேயர் இருந்தால் வியாபாரியை நீங்கள் நடிக்காதீர்கள், அவர் கையில் விட்டுவிட்டு அவருக்கு சரக்குக் கொடுக்கிறவர் யார் என்பதை மட்டும் யோசித்து வையுங்கள்.