எந்த வரி அதிகாரி இதைக் கேட்டார்?

கேள்வி: பூஜ்ஜியம் தெரியாது, எதையும் நிரூபிக்கவும் தெரியாது. தானியத்தையும் வரியையும் எண்ணத் தெரிந்த சுமேரியரையும் பாபிலோனியரையும் கணித மேதைகள் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். மிகையாக இல்லையா?
- வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: இல்லை. குறைத்துத்தான் எழுதிவிட்டேன்.

தொடங்கியது கணக்குப்பிள்ளை வேலையில்தான், மறுக்கவில்லை. 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய உருக் என்ற சுமேரிய நகரத்துக் (இன்றைய ஈராக்கில் உள்ளது) களிமண் பலகைகளில் பார்லி கணக்கும் ஆட்டுக் கணக்கும்தான் நிறைய. பூஜ்ஜியம் பற்றி நீங்கள் சொல்வதிலும் பாதி உண்மை. காலி இடத்துக்கென்று ஒரு குறி அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே வந்தது. ஆனால் இடத்துக்கு ஏற்ப எண்ணின் மதிப்பு மாறும் முறை சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கையில் இருந்தது. நமக்குப் பத்து பத்தாக ஏறுவது அவர்களுக்கு அறுபது அறுபதாக ஏறியது. மணிக்கு 60 நிமிடம் என்று இன்றும் நாம் எண்ணுவது அந்த வழியில் வந்ததுதான்.

சரி, வரிக்கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு களிமண் வில்லை இருக்கிறது. கி.மு. 1800-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது. மாணவன் ஒருவன் எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு சதுரம், அதன் குறுக்கே மூலைவிட்டங்கள். பக்கத்தில் 30 என்று போட்டு, மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10 என்று ஆப்பு ஆப்பாகக் குத்தியிருக்கிறது. ஒன்று, அதோடு 60-இல் 24 பங்கு, 3,600-இல் 51 பங்கு, 2,16,000-இல் 10 பங்கு. கூட்டிப் பாருங்கள்: 1.414212... இரண்டின் வர்க்கமூலம்! சதுரத்தின் பக்கத்தை இதால் பெருக்கினால் மூலைவிட்டத்தின் நீளம் வரும். இதை வைத்து ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுர வயலின் மூலைவிட்டத்தைக் கணக்கிட்டால், பிழை ஒரு மில்லிமீட்டர்கூட வராது. எந்த வரி அதிகாரி இவ்வளவு துல்லியம் கேட்டார்?

அப்புறம், நிரூபணம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறக்குறைய அதே காலத்துப் பலகை ஒன்று இப்படித் தொடங்குகிறது: சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினேன், முக்கால் வந்தது. பரப்பையும் பக்கத்தையும் எந்த விவசாயி கூட்டுவான்? கணக்கின் மேலுள்ள ஆசையால் போட்ட கணக்கு இது. விடை காணும் வழியைப் படமாக இப்படி வரையலாம். பக்கத்தை ஒன்று அகலமுள்ள பட்டையாக்கிச் சதுரத்தோடு ஒட்டுங்கள். பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து வையுங்கள். மூலையில் அரைக்கு அரை ஒரு சதுரம் குறையும். அதன் பரப்பு கால். முக்காலும் காலும் ஒன்று. பெரிய சதுரத்தின் பக்கமும் ஒன்று. ஒட்டிய அரையைக் கழித்தால் மிச்சம் அரை. அதுதான் விடை.

தேற்றம் என்று தலைப்புப் போடவில்லை, அவ்வளவுதான். ஒரு காகிதமும் கத்தரிக்கோலும் எடுத்து வெட்டி ஒட்டிப் பாருங்கள். இதில் நிரூபிக்காமல் விட்டது எது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.