கோச்சை நீக்கச் சொல்லும் மனுவில் நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வருடமும் இந்த வருடமும் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஹெட் கோச்சை நீக்கச் சொல்லி, விளையாட்டுத் துறை இயக்குநருக்கு அனுப்ப பெற்றோர் சிலர் மனு எழுதி வைத்திருக்கிறார்கள். என் மகனைத் தேடி வந்து சேர்த்துக்கொண்டவரே அந்த கோச்தான். 'நீ இதுல தலையிடாதம்மா' என்கிறான் மகன். ஆனால் சனிக்கிழமை நிறைய பந்து வீசியவனை செவ்வாய்க்கிழமை மறுபடி இறக்குகிறார்கள். முழங்கை வலிக்கிறது என்று ஒருமுறை அவனே சொன்னான். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், வட கரோலினா

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். கோச் மேல் தவறே இல்லை என்று சொல்லவில்லை. மனுவில் இருக்கும் காரணம் வேறு, உங்கள் மனதை அரிக்கும் காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், முக்கியமானது காணாமல் போகும்.

முதலில் தோல்விக் கணக்கு. இதற்கு மிசிசிப்பி மாநிலத்தைப் பாருங்கள். ஓல் மிஸ் பல்கலைக்கழகத்தில் மைக் பியான்கோ 2001 சீசனிலிருந்து ஹெட் கோச். 2022க்கு முன்பு வரை, அத்தனை வருடத்தில் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்கு அணியை அழைத்துப் போனது 2014இல் ஒரே ஒரு முறை. 2022 சீசனின் நடுவில் எஸ்இசி என்ற தங்கள் பல்கலைக்கழக லீக்கின் ஆட்டங்களில் 7 வெற்றி, 14 தோல்வி என்று கிடந்தார்கள். அவரை அனுப்பு என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே கத்தினார்கள். நிர்வாகம் அனுப்பவில்லை. 64 அணிகள் கொண்ட தேசியப் போட்டிக்கு அழைப்பு கிடைத்ததே கடைசி ஆளாகத்தான். அங்கே போய் 11 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் தோற்று, இறுதியில் ஓக்லஹோமாவை வென்று பட்டத்தைத் தூக்கினார்கள். ஓல் மிஸ் பேஸ்பாலுக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம். சீசன் பாதியில் பந்துவீச்சு வரிசையை மாற்றி டிலன் டிலூசியாவை வார இறுதித் தொடரின் முதல் ஆட்டமான வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக்கியிருந்தார்கள். ஒமாஹாவில் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது.

சரி, அப்படியானால் பொறுமையாக இருந்தால் போதுமா? அதே ஓல் மிஸ் அடுத்த ஆண்டு லீக்கில் 6 வெற்றி, 24 தோல்வி. 2024இலும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. 2025இல் மறுபடி 40க்கு மேல் வெற்றி. கோச் என்னவோ ஒரே ஆள்தான்.

பக்கத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட். கிறிஸ் லெமோனிஸ் 2021இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். நான்கே வருடத்தில், 2025 ஏப்ரல் கடைசியில், சீசன் முடிவதற்குள்ளேயே அவரை நீக்கினார்கள். எஞ்சிய ஆட்டங்களை பிட்சிங் கோச் நடத்த, அணி எழுந்து தேசியப் போட்டிக்கும் போய்விட்டது. ஆக, வைத்துக்கொண்டும் ஜெயிக்கிறார்கள், நீக்கியும் ஜெயிக்கிறார்கள். இரண்டு வருடத் தோல்வியை மட்டும் வைத்து ஒருவரை அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனு எழுதுபவர்கள் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. கோச் மாறினால் வீரர்களும் மாறுவார்கள். மிசிசிப்பி ஸ்டேட் அடுத்து வர்ஜீனியாவிலிருந்து பிரையன் ஓகானரைக் கொண்டுவந்தது. அவரிடம் அங்கே ஆடிய சிலரும் கூடவே வந்தார்கள். வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு இது சாதாரணம். விளையாட்டு வருமானத்தில் ஒரு பங்கை வீரர்களுக்கே கொடுக்கும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான் உச்சவரம்பு. புதியவர் தன் ஆட்களோடு வந்தால் யாரோ வெளியே போக வேண்டும். அது உங்கள் மகனாகவும் இருக்கலாம். இதற்காகப் பயந்து சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் பெற்றோர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு போடட்டும்.

இப்போது முழங்கை. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது இதுதான். பள்ளி ஆட்டங்களில் ஒரு பையன் எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு விதி இருக்கிறது. கல்லூரி பேஸ்பாலில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு அப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை. எல்லாம் கோச்சின் கையில். தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும், நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டி இருக்கிறது. 19 முதல் 22 வயதுக்காரர்களுக்கு ஒரு ஆட்டத்தில் 120 பந்துதான் அதிகபட்சம், வீசிய எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தனை நாள் ஓய்வு என்று அதில் இருக்கிறது. யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் நீங்கள் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால் அதைச் சீரமைக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை வரை போகும். அதன் பிறகு மறுபடி ஆட்டத்தில் பந்து வீச ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நாலு வருடப் படிப்பில் அது எவ்வளவு பெரிய துண்டு என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இந்த வாரமே மகனோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை பந்து, இடையில் எத்தனை நாள் ஓய்வு என்று எழுதிவையுங்கள். ஆட்டக் குறிப்புகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு அவன் முதலில் பிட்சிங் கோச்சிடமும் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அணியின் அத்லெடிக் டிரெய்னரிடமும் பேசட்டும். அவன் பேச வேண்டும், நீங்கள் அல்ல. அவன் வயதுவந்தவன். அம்மா போன் செய்தாள் என்ற பேச்சு டிரஸ்ஸிங் ரூமில் அவனுக்குச் சங்கடம் என்பதால்தான் தலையிடாதே என்கிறான், அதில் நியாயம் இருக்கிறது. அவன் சொல்லியும் அடுத்த வாரம் அதே கதை என்றால், அப்போது அந்தக் கணக்கோடு விளையாட்டுத் துறை இயக்குநருக்கு உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எழுதுங்கள்.

வலியை மறைத்து ஆடச் சொல்கிற, டிரெய்னர் சொன்னதைத் தூக்கிப் போடுகிற கோச் என்று தெரிந்தால், அவர் எத்தனை பட்டம் வாங்கியவராக இருந்தாலும் போகத்தான் வேண்டும். அதைத் தயங்காமல் சொல்வேன். அந்தக் காரணத்தை மட்டும் சொல்லி ஒரு மனு வந்தால், ஆதாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மற்றபடி கோச் விஷயத்தில் மகன் 'வேண்டாம்மா' என்றால் விட்டுவிடுங்கள். முழங்கை விஷயத்தில் மட்டும் விடாதீர்கள். அணிக்குச் சம்பந்தமில்லாத ஒரு எலும்பு மூட்டு மருத்துவரிடம், அடுத்த ஆட்டத்துக்கு முன்பே அவனைக் காட்டிவிடுங்கள்.